சிவப்புப் பலகை

பக்கவாதத்தில் பேச்சு போன என் மனைவி ரஞ்சிதத்துக்கு, தலைக்குள் மின்னணுச் சில்லு வைத்த பிறகுதான் வாய் திரும்பியது. திரும்பின வாய் ஓயவேயில்லை. நாற்பத்தெட்டு வயதில் நான் எழுதப் படிக்க முதியோர் பள்ளிக்குப் போனபோது அவளையும் கூப்பிட்டேன். "வாய் இல்லாதவன் எழுதட்டும், எனக்கு எதுக்குய்யா?" என்று சிரித்தாள்.

வெல்டிங் மிஷினிலிருந்து வரும் மின்காந்த அலை சில்லுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் மிஷின் ஓடும்போது பட்டறை வாசலில் சிவப்புப் பலகை மாட்டுவேன். மத்தியானச் சோறு கொண்டுவருகிறவள் அதைப் பார்த்ததும் தெருவிலேயே நின்றுகொண்டு, "என்னய்யா, இரும்பைத் தின்னே வயிறு ரொம்பிடுச்சா?" என்று கத்துவாள்.

அன்றைக்குத் தாங்க முடியாத புழுக்கம். சட்டையைக் கழற்றி, வாசலில் கைக்கு எட்டின ஆணியில் மாட்டினேன். பலகை தொங்கினதும் அதே ஆணிதான். சட்டை அதை மூடிவிட்டது.

மிஷின் சத்தத்தில் அவள் வந்தது தெரியவில்லை. முதுகுக்குப் பின்னாலேயே குரல் கேட்டது.

"ஏய்யா, இன்னிக்கு என்ன குழம்புன்னு..."

அவ்வளவுதான். திரும்பினேன். அவள் வாய் அசைந்தது, சொல் வரவில்லை.

செத்த சில்லை எடுத்து வேறு வைக்க முடியாது என்றுவிட்டார்கள். இனி எந்த அலையும் அவளை ஒன்றும் செய்யாது. பலகையைக் கழற்றிப் போட்டுவிட்டேன். உள்ளேயே வா என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அவள் தூக்குவாளியோடு தெருவிலேயே நிற்கிறாள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் சில நாள் சோறு ஆறிவிடுகிறது.