மக்கள் தொகை எண்பத்து மூன்று

காரின் நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு நிமிர்ந்தாள் புஷ்பவல்லி. “ஏறுங்க. மூணு மணிக்கு இன்டர்வியூ. ஃப்ரீவேயைப் பிடிக்கவே ஒரு மணி நேரம் ஆகும்.”

“ஒரு வாய் காபி குடு, கிளம்பிடறேன்,” என்றார் அவள் கணவர் டாக்டர் நஞ்சுண்டன்.

“பால் இல்லை.”

“நேத்துதானே ஒரு கேலன் வாங்கிட்டு வந்தேன்?”

“தயிருக்கு உறை ஊத்திட்டேன். வழியில எங்கயாவது குடிச்சுக்கோங்க.”

டாக்டர் இல்லாத ஊரில் மூன்று வருஷம் வேலை பார்த்தால்தான் விசா என்று சொல்லி, தொண்ணூற்றைந்தில் அமெரிக்கா அவரை டெக்சஸின் இந்தப் புல்வெளியில் கொண்டுவந்து இறக்கியது. ஊர் பெயர் டஸ்டி கிரீக். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு கஃபே, ஒரு சர்ச், மீதியெல்லாம் புல். இவர்கள் வந்த அன்றே மேயர் ஏர்ல் பெயின்ட் டப்பாவோடு போய், ஊர் எல்லைப் பலகையில் மக்கள் தொகை 81 என்றிருந்ததை 83 ஆக்கினார்.

அந்த மூன்று வருஷம் இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. பிளானோ நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி கூப்பிட்டிருக்கிறது. இன்று போகாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு. இவர் போய்விட்டாலோ இங்கே கிளினிக்கை மூடிவிடுவார்கள், நெஞ்சு வலித்தால் அறுபது மைல் ஓட வேண்டும்.

“பிளானோல முருங்கைக்காய் கிடைக்கும், பேச நாலு தமிழ் ஆளுங்க இருக்காங்க. இங்க என்ன இருக்கு, சொல்லுங்க,” என்றாள் புஷ்பவல்லி. சனிக்கிழமைதோறும் கஃபேயில் அவள் வைக்கும் சாம்பாருக்கு ஊரே தட்டோடு வரிசையில் நிற்பதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

நஞ்சுண்டன் காரில் ஏறிச் சாவியைப் போட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் மேயர் ஏர்ல் தொப்பியைத் தூக்கி, “டாக்டர், எங்கே போறீங்க?” என்று கேட்டார். தமிழில்.

டாக்டரின் முகம் சுருங்கியது. “கிளம்பும்போது எங்க போறீங்கன்னு கேட்டுட்டாரு பாரு, புஷ்பா. போற காரியம் விளங்குமா?”

“மூணு வருஷத்துல நாலு வார்த்தை கத்துக்கிட்டு ஆசையா கேக்கறாரு. அதைப் போய் பெருசு பண்றீங்க.”

இறங்கி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏறினார். எதிர்வீட்டு கிளாடிஸ் தன் வீட்டுத் தபால் பெட்டி அருகே நின்று ஒரு தும்மல் போட்டாள். இரண்டாவது வருமா என்று புருஷனும் பெண்டாட்டியும் காத்திருந்தார்கள். வரவில்லை.

“ஒத்தைத் தும்மல்,” என்று இறங்கினார் டாக்டர்.

“அந்தம்மாவுக்கு அலர்ஜி. மருந்து எழுதிக் குடுத்ததே நீங்கதான். ஏறுங்க.”

அடுத்த தடவை, ஏர்லின் மருமகன் தலையில் விறகுக்கட்டோடு எதிரே வந்தான். ஜூலை மாதம், நிழலிலேயே நூறு டிகிரி. பிக்கப் டிரக் வைத்திருப்பவன் விறகை ஏன் தலையில் சுமக்கிறான் என்று புஷ்பவல்லி கேட்கவில்லை. “அந்தப் பக்கம் பாக்காம ஓட்டுங்க,” என்றாள்.

கார் நகர்ந்தது, எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வீட்டு வாசலைத் தாண்டியதும் புதரிலிருந்து ஒரு கறுப்புப் பூனை பாய்ந்து குறுக்கே ஓடியது.

நஞ்சுண்டன் பிரேக்கை அழுத்திவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“பூனையே குறுக்க போயிடுச்சு. இதுக்கு மேல சாமி வேற எப்படித்தான் சொல்லும்? இறங்குங்க,” என்றாள் அவள். பிளானோவுக்கு போன் செய்து வரவில்லை என்று சொல்ல உள்ளே போனாள். அவருக்குப் பாவமாக இருந்தது.

ஆனால் பாவம் பார்த்தால் ஆகுமா? பிளானோவில் அவர் நானூறு டாக்டர்களில் ஒருவர். இங்கே ஊரில் அத்தனை பேரும் ‘நஞ்சுண்டன்’ என்று நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் சொல்லக் கற்றிருந்தார்கள், கன்றுக்குட்டிக்கு ஜுரம் என்றாலும் அவரிடம்தான் வந்தார்கள். இந்த ஊரை விட்டுப் போக அவருக்கு மனசே இல்லை. அதை மனைவியிடம் நேராகச் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

மெதுவாகப் பெட்ரோல் பங்க்குக்கு நடந்தார். ஏர்ல், கிளாடிஸ், மருமகன் மூவரும் அங்கே காத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். “நான் சொல்லிக் குடுத்த மாதிரியே மூணும் பிரமாதம். ஆனா அந்தப் பூனை யாரோட ஐடியா? எனக்கே ஒரு நிமிஷம் நிஜம்னு தோணிடுச்சு.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நாங்க பூனை எதுவும் விடலையே, டாக்டர்,” என்றார் ஏர்ல். “நரிக்குப் பயந்து இந்த ஊர்ல யாரும் பூனையே வளர்க்கறதில்லை.”

அப்படியானால் அது நிஜமான சகுனம். நஞ்சுண்டன் வேகமாக வீட்டுக்குத் திரும்பினார். உள்ளே மனைவியைக் காணாமல் கொல்லைப்புறம் போனார்.

அங்கே புஷ்பவல்லி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரே அந்தக் கறுப்புப் பூனை கிண்ணத்துப் பாலை நக்கிக்கொண்டிருந்தது.

அவரைப் பார்த்ததும் முந்தானையால் கிண்ணத்தை மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

“ரெண்டு மாசமா பழக்கறேன். இன்னைக்குத்தான் சரியா குறுக்க ஓடுச்சு.”