தேன் கம்பெனிக் கொடி

இருட்டின பிறகு, கரடியின் தேன் கம்பெனி மொட்டைமாடியில் யாரோ பளார் பளாரென்று அறைகிற சத்தம் கேட்டது. காவலுக்கிருந்த வாத்து தன் குஞ்சுகளைக் காவலறையில் விட்டுவிட்டு, மெல்லப் படியேறிப் பார்த்தது. கம்பத்தில் தேசியக் கொடி நார் நாராகக் கிழிந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"பயப்படாதே தாயி, நான்தான்," என்றது கொடி. "போன சுதந்திர தினத்துக்கு ஏத்தினாங்க. இறக்கணும்னு யாருக்கும் தோணலை."

வாத்து அதை இறக்கி, மடித்து, முதலாளியிடம் கொண்டுபோனது. கரடி விளக்கைப் போட்டுக்கொண்டு தன் பெயர்ப்பலகைக்குத் தங்க நிறப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தது.

"ஐயா, புதுசு ஒண்ணு வாங்கணும்."

"அடுத்த சுதந்திர தினம் வரட்டும். பழசை வீணாக்காதே, அதால என் காரைத் துடை."

"கொடியாலயா ஐயா?"

"துடைக்கலேன்னா நாளையிலேருந்து வராதே."

வாத்து கொடியோடு வெளியே வந்தது.

"துடைச்சிடு. பிள்ளைக்காரி நீ," என்றது கொடி.

"நீ சும்மா இரு. குளம் இருக்கிற ஊர்ல எந்த வாத்து பட்டினி கிடந்திருக்கு? கிழிஞ்ச கொடியை எப்படி வழியனுப்பணும், அதைச் சொல்லு."

"முழுசா, மரியாதையா, நெருப்புல. யாரும் வேடிக்கை பார்க்கக் கூடாது."

காருக்குப் பக்கத்தில் நின்று கரடி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. வாத்து காவலறை அடுப்பைப் பற்றவைத்தது. குஞ்சுகளைக் கொடிக்கு முன்னால் வரிசையாக, ஆடாமல் நிற்கச் சொன்னது. பிறகு கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டது.