லாட்ஜின் மூன்றாவது மாடி

திண்டிவனத்தில் புது லாட்ஜ் கட்டிய வெங்கடாசலம், அதன் போட்டோவை ஸ்டுடியோவில் செண்பகத்தின் முன்னால் எறிந்தார்.

“ரெண்டு மாடிதானே கட்டினேன்? மூணு எப்படிம்மா வந்துச்சு? ஒட்டு வேலை பண்ணிக்கினு பேஜாரு பண்றியா?”

செண்பகத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் அந்தப் படத்தை எடுத்தது கட்டடங்களுக்கென்றே வந்த லென்ஸில். காமிராவை நிமிர்த்தாமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தினால், சுவர் சாயாமல் உச்சிவரை படத்தில் விழும். அவள் எதையும் ஒட்டவில்லை.

“நீங்களே வந்து பாருங்க” என்று லாட்ஜுக்கு எதிரே காமிராவை நிறுத்தினாள்.

அவர் குனிந்து பார்த்தார். “மூணாவது மாடியில ஆளு நிக்கிறான்! வாடகை குடுக்காம எவன்டா அது?” என்று கத்திக்கொண்டே லாட்ஜுக்குள் படியேறி ஓடினார்.

செண்பகம் வெறுங்கண்ணால் பார்த்தாள். இரண்டே மாடி. மொட்டை மாடியில் யாரும் இல்லை. காமிராவில் கண்ணை வைத்தாள். மூன்றாவது மாடிச் சன்னலில் நின்று வெங்கடாசலம் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்.