சட்டையின் நிறம்

தொண்டை கட்டிவிட்டது அவளுக்கு. புயலுக்குப் பிறகு இது ஐந்தாவது வீடு. கரையில் ஒப்பாரி பாட அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

வெறும் பாய். தலைமாட்டில் மெழுகுவர்த்தி. பெர்க்மான்ஸ் போன வள்ளம் கவிழ்ந்தபடி கரையேறியது. ஆள் வரவில்லை.

பத்தொன்பது நாள் பார்த்தாயிற்று. இன்று பாடி முடித்தால் அவன் செத்தவன்.

பாட்டில் சட்டையைச் சொல்ல வேண்டும். கடல் முகத்தைத் தின்றுவிடும். சட்டையை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பார்கள். சட்டையைத் தப்பாகச் சொன்னால் பாட்டு அவனுக்கு இல்லை.

"என்ன சட்ட போட்டிருந்தான்?"

பாயருகே இருந்த அவன் மனைவி பிரிஜித் நிமிரவில்லை.

"பாக்கல்லக்கா. சண்ட. ஒறங்குனது போல கெடந்தேன்."

"சட்ட தெரியாத பொண்டாட்டி," என்றாள் பின்னாலிருந்த மாமியார். "சோறாவது குடுத்தியாட்டி?"



ஒப்பாரிக்காரி தானாகவே நீலக் கட்டம் என்று பாடினாள். இந்தக் கரையில் நீலக் கட்டம் போட்ட சட்டை இல்லாத ஆண் கிடையாது. சீக்கிரம் முடித்துவிட்டுப் போய்ப் படுக்க வேண்டும்.

பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். மாமியார்தான் முதலில் உடைந்தாள்.

பிரிஜித் எழுந்து மூலையிலிருந்த அவன் பெட்டியைத் திறந்தாள்.

அவனிடமிருந்த ஒரே நீலக் கட்டச் சட்டையைக் கொண்டுவந்து பாயில் வைத்தாள். தேய்த்த மடிப்பு கலையவில்லை.

"நீங்க பாடுனது வேற ஆருக்கோ. நிறுத்துங்கக்கா."

மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். பாயைச் சுருட்டத் தொடங்கினாள்.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுமுனையைப் பிடித்தாள்.

ஒப்பாரிக்காரி வெளியே வந்தாள். வெயில். மணலில் கால் புதைந்தது. யாரும் அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன் அவள் புருஷனும் இப்படித்தான் வராமல் போனான். பாடுவதற்குப் பக்கத்துக் கரையிலிருந்து ஒருத்தி வந்தாள். என்ன சட்டை என்று கேட்டாள்.

புருஷன் கடலுக்குப் போன அன்று இவளும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள்தான். சட்டையைப் பார்க்கவில்லை.

வந்தவள் நீலக் கட்டம் என்றாள்.

இவள் மயங்கி விழும்வரை அழுதாள்.

வீட்டுக்குப் போனதும் படுக்கவில்லை. குனிந்து, கட்டிலுக்கு அடியில் கிடந்த புருஷன் பெட்டியை இழுத்தாள். பதினோரு வருடமாகத் திறக்காத மூடிமேல் விரல் கனத்துக்குத் தூசி.

எதிரே உட்கார்ந்தாள்.

அதற்குப் பூட்டு கிடையாது. ஒருநாளும் இருந்ததில்லை.