முழு மனசோடு ஒரு மப்ரூக்

"கடிகாரத்துல ஒரு கோளாறும் இல்லை பாஷா. கோளாறு உங்க கண்ணுலதான்."

தொலைபேசியில் ஷவ்கியை மரியாதைக்கு 'பாஷா' போட்டுப் பேசிய ரிஃபாத், கெய்ரோவின் மறுகோடியில் ஊறுகாய்க் கடை வைத்திருப்பவர். பத்து நாளைக்கு முன்னால் ஷவ்கியின் பழைய கைக்கடிகாரத்தை இணையத்தில் வாங்கியவர்.

"உங்களுக்குக் கடிகாரத்தைத்தானே அனுப்பினேன்? கண்ணையுமா அனுப்பினேன்?" என்றார் ஷவ்கி.

"ரெண்டும் ஒரே பெட்டியிலதான் வந்திருக்கு. மூணு ரிப்பேர்காரங்ககிட்ட காட்டிட்டேன், குதிரை மாதிரி இருக்குங்கிறாங்க. என் கையில கட்டினா நின்னுடுது. பொருளைக் கொடுக்கிறவன் வாய் நிறைய 'மப்ரூக்'னு வாழ்த்திக் கொடுக்கணுமா இல்லையா?"

"சீட்டுல எழுதி உள்ள வச்சிருந்தேனே!"

"எழுதினது கை. மனசு என்ன சொல்லிச்சு?"

மனசு சொன்னதைச் சபையில் சொல்ல முடியாது. ஷவ்கிக்குக் கடிகாரத்தை விற்கும் எண்ணமே இருந்ததில்லை. காப்பிக்கடையில் பெருமையடிக்க, எவ்வளவு வரை கேட்கிறார்கள் என்று பார்க்கத்தான் படம் போட்டார். பேரமே பேசாமல் சொன்ன விலையை அப்படியே கொடுக்கும் ஒருவன் கெய்ரோவில் பிறந்திருப்பான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

கடிகாரம் கைக்குப் போன நாளிலிருந்து ரிஃபாத் தினமும் இணையத்தில் ஒரு படம் போட்டார். ஊறுகாய் ஜாடி மேல் கடிகாரக் கை. கார் ஸ்டீயரிங் மேல் கடிகாரக் கை. ஷவ்கி ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்து வெந்தார்.

"விட்டுட்டுப் போன பொண்டாட்டியைப் பார்க்கிற மாதிரி பார்க்காதீங்க," என்றாள் மனைவி இன்ஷிராஹ். "உங்க கண்ணு சும்மா இருக்காது."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பதினொரு வருடத்துக்கு முன்னால், கட்டடத்தில் புது லிஃப்ட் மாட்டிய அன்று ஷவ்கி அதை ஒரே ஒரு தடவை பொறாமையோடு பார்த்தார், அவ்வளவுதான். அன்று நின்ற லிஃப்ட். ஆறு மாடிக்காரர்களும் இன்றுவரை படியேறுகிறார்கள்.

"சரி, கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க," என்றார் ஷவ்கி ரிஃபாத்திடம், ஆசையைக் குரலில் காட்டாமல். "முழுப் பணமும் தர்றேன். வண்டிச் செலவும் என்னுது."

"பார்த்தீங்களா, கண்ணு இன்னும் அது மேலேயேதான் இருக்கு! பணம் வேண்டாம் பாஷா. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வர்றேன். கடிகாரத்தைத் தொட்டு, என் முகத்தைப் பார்த்து மப்ரூக் சொல்லுங்க. போதும்."

தொட்டு! ஷவ்கி அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை கடிகாரச் சந்துக்குப் போனார். அதே வெள்ளை முகம், அதே அரபு எண்கள், அதே தோல்பட்டையோடு ஓடுகிற ஒன்றைத் தேடி எடுத்தார்.

"ரெண்டு நாளா இந்த வெள்ளை முகத்துக்கு என்ன கிராக்கி!" என்று வியந்தான் கடைக்காரன்.

ஷவ்கியின் காதில் அது ஏறவில்லை. தன் கடிகாரத்தின் முதுகில் கல்யாணத்தன்று ஆணியால் 'ஷவ்கி' என்று கோணலாகக் கீறியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் புதிதாக வாங்கியதன் முதுகிலும் அதே கோணலில் கீறினார். சாவி கொடுத்தார். நேரம் வைத்தார்.

வெள்ளிக்கிழமை ரிஃபாத் எலுமிச்சை ஊறுகாய் ஜாடி ஒன்றோடு வந்தார். சட்டைப் பையிலிருந்து, கண் படாமலிருக்க நீல மணி கோத்த கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே கடிகாரம் நாலு இருபதில் செத்துக் கிடந்தது.

இன்ஷிராஹ் சாம்பிராணிப் புகை போட்டாள். ஷவ்கி ஒரு துணியால் கடிகாரத்தை மூடினார். புகையில் ரிஃபாத் கண்ணைக் கசக்கிய நேரத்தில், துணிக்கு அடியில் கிடந்தது ஷவ்கியின் சட்டைக் கைக்குள் போனது. சட்டைக் கைக்குள் இருந்தது துணிக்கு அடியில் வந்தது.

தன்னுடையது தன்னிடம் வந்துவிட்டது. இத்தனை நாளாக நெஞ்சில் எரிந்த அடுப்பு சட்டென்று அணைந்தது. ஷவ்கி வாழ்நாளில் முதல்முறையாக ஒரு மனிதனை முழு மனசோடு வாழ்த்தினார்.

"மப்ரூக், தம்பி. ஆயிரம் மப்ரூக். நல்லபடியா கட்டிக்கோங்க."

துணியை விலக்கினார். டிக் டிக் என்றது.

"நேரம்கூடச் சரியா இருக்கே!" என்று அலறிய ரிஃபாத், அவர் நெற்றியில் முத்தமிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

ஷவ்கி அறைக்குள் போய்த் தாழ் போட்டார். கடிகாரத்தை எடுத்துக் கொஞ்சினார். முதுகைத் திருப்பினார்.

வழவழவென்று இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

கைபேசி கூவியது. ரிஃபாத்தின் குரல்தான்.

"பாஷா, கோவிச்சுக்காதீங்க. உங்க கண்ணுக்கு முன்னால அசலைக் கொண்டுவர பயமா இருந்துச்சு. அதான் கடிகாரச் சந்துல ஓடாத ஒண்ணை அரை விலைக்கு வாங்கிட்டு வந்தேன். உங்க மப்ரூக்ல அந்தப் பொணம் எழுந்து ஓடுது! வீட்டுல இருக்கிற அசலும் ஓட ஆரம்பிச்சிடுச்சுன்னு என் சம்சாரம் போன் பண்ணினா. அதைவிட அதிசயத்தைக் கேளுங்க, இந்தக் கடிகாரத்து முதுகுல உங்க பேரு தானா முளைச்சிருக்கு! உங்க தெரு காப்பிக்கடையிலதான் சொல்லிட்டு நிக்கிறேன். எல்லாரும் நின்னுபோன கடிகாரத்தைத் தூக்கிட்டு உங்க வீட்டுக்குத்தான் கிளம்பிட்டாங்க!"

ஷவ்கி ஓடிப்போய் வாசல் கதவைப் பூட்டினார். வெளியே, பதினொரு வருடம் கழித்து, லிஃப்ட் மேலே ஏறி வரும் சத்தம் கேட்டது.