நாலு மாசக் கையிருப்பு

தலைவர் நாலாவது தடவையாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வரவு செலவு பார்க்கும் கணக்கு அம்மா அதைக் கவனித்தார். இருக்கிற பணத்தைத் துடைத்தெடுக்க மனுஷனுக்கு இவ்வளவு அவசரமா?

நகராட்சிக் கூட்ட அறையில் மின்விசிறி சுற்றுகிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தது. நீள மேஜையைச் சுற்றிப் பதினோரு உறுப்பினர்கள். கடைசி நாற்காலியில் ஓட்டுப் போட உரிமையில்லாத கணக்கு அம்மா. மடியிலிருந்த கோப்பின் நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக அவர் விரல்கள் ஒரு நிலையில் இல்லை.

விஷயம் இதுதான். ஆபத்து அவசரத்துக்கென்று நகராட்சி சேர்த்துவைத்திருக்கும் கையிருப்பு, நாலு மாசச் செலவுக்கு வரும். அதை உடைத்து ஆளுக்கொரு காரியம் செய்துகொள்வது என்று பதினோரு பேரும் ஒற்றுமையாகிவிட்டார்கள். வேறு எதிலும் அவர்கள் இப்படி ஒற்றுமையாக இருந்து ஊர் பார்த்ததில்லை.

மருந்துக்கடைக்காரருக்குப் பூங்காவில் கலர் லைட் வைத்த நீரூற்று. நாலு லாரி ஓட்டும் லாரி அக்காவுக்குத் தன் தெருமுனையில் அலங்கார வளைவு. மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு ஆசை. தலைவர் தடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. கேட்டவருக்கெல்லாம் "பண்ணிடலாம், பண்ணிடலாம்" என்று தலையாட்டியே அந்த நாற்காலிக்கு வந்தவர்.

"மேடம், பணத்தைப் பூட்டி வெச்சு அடைகாத்தா குஞ்சு பொரிக்குமா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி இப்படித்தான் சார் துடைச்சு எடுத்தோம். அப்புறம் குப்பை அள்ளுறவங்களுக்கு ரெண்டு மாசம் சம்பளம் போட முடியல" என்றார் கணக்கு அம்மா.

அந்த ரெண்டு மாசமும் அவர்கள் தினம் காலையில் வந்து கணக்கு அம்மா வீட்டு வாசலில் நின்றார்கள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, சும்மா நின்றார்கள். இன்னொரு தடவை அந்த முகங்களைப் பார்க்கத் தன்னால் ஆகாது என்று, வேலையை விடும் கடிதத்தை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் இன்றைக்கு வந்திருந்தார்.

"அது அப்ப. இப்பதான் வரி நல்லா வருதே" என்றார் லாரி அக்கா. "அம்மாவுக்கு எப்பவும் நாளைக்கு உலகம் அழியப்போற மாதிரியே ஒரு முகம்."

எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வாசல் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, ஆஸ்பத்திரித் தொட்டி ரொம்பிடுச்சான்னு கேட்டியா?" என்று பியூனிடம் கத்தினார். "மத்தியானமே ரொம்பிடுச்சு சார்" என்று பதில் வந்தது. ஊர்ப்பணம் போய்க்கொண்டிருக்கிறது, இவருக்குப் புத்தி போகிற இடத்தைப் பார் என்று கணக்கு அம்மா பல்லைக் கடித்தார்.

"சரி, பேசினது போதும். கையெழுத்துப் போட்டுடலாம்." தலைவர் தீர்மான நோட்டைப் பிரித்தார். பேனாவைத் திறந்தார், மூடினார், உதறிப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலேகால்.

அப்போதுதான் அவர் போன் அடித்தது. பம்பு நிலையத்து ஆள். தலைவர் எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"தலைவரே, மோட்டார் போச்சு! காயில் கருகிடுச்சு, இனிமே புதுசுதான் வாங்கணும். சாயங்காலத் தண்ணி பாதியிலயே நின்னுடுச்சு. நாளைக்கும் கஷ்டம்தான்."

அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் மேஜை மேலிருந்த போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலற ஆரம்பித்தன. மருந்துக்கடைக்காரரின் மனைவிக்கு ஸ்பீக்கரே தேவைப்படவில்லை.

"தலை பூரா நுரையோட நிக்கிறேன்! குழாயில வெறும் காத்துதான் வருது. அங்க உக்காந்து என்னத்தக் கிழிக்கிறீங்க?"

"கடன் வாங்கி மோட்டாரைப் போட்டுடலாமே?" என்றார் லாரி அக்கா, பாதிக் குரலில்.

"வாங்கலாங்க. மேல இருந்து அனுமதி வர நாப்பது நாள் ஆகும்" என்றார் கணக்கு அம்மா.

"நாப்பது நாளா!" மருந்துக்கடைக்காரர் எழுந்தே விட்டார். "மேடம், அதான் கையிருப்பு இருக்குல்ல? எடுங்க!"

"இருக்கு சார். நீங்க கையெழுத்துப் போடுற வரைக்கும் இருக்கு."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டு புலம்ப ஆரம்பித்தார். "உங்க எல்லாருக்கும் வாக்குக் குடுத்துட்டேனே! நீரூற்று, வளைவு, எல்லாம் போச்சே! இனி எந்த மூஞ்சியோட உங்களைப் பார்ப்பேன்?"

கடைசியில் உறுப்பினர்கள்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது. "விடுங்க தலைவரே, நீரூற்று எங்க ஓடிடப் போகுது? முதல்ல வீட்டுக்குத் தண்ணி வரட்டும்."

பத்தே நிமிஷத்தில் புதுத் தீர்மானம். நாலு மாசச் செலவுக்கான பணம் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். இந்த மாதிரி நெருக்கடி தவிர வேறு எதற்கும் அதைத் தொடக்கூடாது. பதினோரு பேரும் போட்டி போட்டுக்கொண்டு கையெழுத்திட்டார்கள். போட்ட கையோடு, பக்கத்துத் தெருக் கைப்பம்பிலிருந்து குடம் தூக்க வீட்டுக்கு ஓடினார்கள்.

அறையில் மிஞ்சியது இரண்டு பேர். கணக்கு அம்மா புது மோட்டாருக்குக் கடிதம் எழுத ஒரு தாளை உருவினார்.

"எத்தனை ஹெச்.பி.ன்னு எழுதட்டும் தலைவரே?"

தலைவர் காதில் வாங்கவில்லை. பதினோரு கையெழுத்தையும் விரல் வைத்து எண்ணினார். நோட்டை மூடினார். வாசல் வரை போய் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, போனை எடுத்தார்.

"எல்லாரும் போட்டாச்சுப்பா. நீ மோட்டாரை ஓட விடு."