அங்கம்மாவின் விரல்

செத்துப்போன அங்கம்மா, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்கே திரும்பி வந்துவிட்டாள் என்பதில் அந்தச் செடெனாக் ரப்பர் தோட்டத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. அவளைப் புதைத்து மூன்று நாள்தான் ஆகிறது. அன்றிலிருந்து கொட்டகையின் பதினோரு கைக்குழந்தைகளும் ஓயாமல் வீறிட்டன.

"கண்ணுல தண்ணி, மூக்குல தண்ணி, ஒடம்பெல்லாம் வேர்வை," என்றாள் புது ஆயா ராசம்மா. "என் வெரலப் புடிச்சுச் சப்புதுங்க, ஒடனே துப்பிட்டுக் கத்துதுங்க. அவ வெரலைத்தான் தேடுதுங்க!"

அங்கம்மா இருந்தவரை அங்கே சத்தமே இருக்காது. நகம் கறுத்த அந்த ஆட்காட்டி விரல் உதட்டில் பட்டால் போதும், எந்தப் பிள்ளையும் சொக்கிப்போகும். கைராசி என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரையே மெச்சியிருக்கிறார்.

இதைக் கேட்டு வீராயி தன் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். புருஷன் காய்ச்சலில் போன பிறகு அவளுக்கென்று இருப்பது எட்டு மாத மகன் ஒருவன்தான். அவன் அழுகை தாங்காமல் இரண்டு நாளாக பால் எடுக்க ரப்பர் மரம் சீவும் வேலையைப் பாதியில் விட்டு ஓடி வந்துவிட்டாள். "நாளைக்கும் ஓடுன, லயத்து வீட்டக் காலி பண்ணிரு," என்று வேலை வாங்கும் கங்காணி சொல்லிவிட்டார்.

"முனியாண்டி, ஒனக்குச் சேவல் வெட்டுறேன். அவ எம்புள்ளையக் கூட்டிட்டுப் போயிடாமப் பாத்துக்க," என்று அழுதாள்.

மத்தியானம் தோட்டத்து மருந்துக்காரர், டிரசர் ஐயாத்துரை வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பேய்க்கெல்லாம் அசையாதவர். பிள்ளைகளின் இமையை விலக்கிப் பார்த்தவர், அங்கம்மாவின் வெற்றிலை டப்பாவைக் கேட்டு வாங்கினார். அடியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தார்.

"பேயுமில்லை, பிசாசுமில்லை. இது அபின். விரலில தொட்டு நக்கக் குடுத்திருக்கிறா. அது கேட்டுத்தான் பிள்ளையள் அழுகுதுகள்."

ராசம்மா செத்தவளைச் சபித்து மண்ணை வாரித் தூற்றினாள்.

"பத்து நாளைக்குத் தாய்மார் பக்கத்தில இருங்கோ, சுகம் வந்திடும். இனியும் குடுத்தா, ஒருநாள் கண் முழிக்காதுகள்." டப்பாவை வாய்க்காலில் வீசிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

வீராயி மகனை இடுக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினாள். கும்பிடத்தான் வருகிறாள் என்று அவர் நின்றார்.

வீராயி ஒருமுறை மரக்காட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அது எந்தக் கடையில விக்கிதுங்கய்யா?"